வான்போக்குவரத்து அனுமதிகளும் விமானிகளின் தவறான புரிதலும்

வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அனுமதி என்பது, ஒரு விமானம் எந்த வழியில், எந்த உயரத்தில், எந்த ஓடுபாதையில் செல்லலாம் என்பதைத் தரையிலுள்ள கட்டுப்பாட்டாளர் வானொலி வழியாக விமானிக்குத் தெரிவிப்பதாகும். விமானத் துறையில் இது 'கிளியரன்ஸ்' எனப்படுகிறது. இந்த அனுமதியை விமானி தவறாகக் கேட்பதும், சரியாகக் கேட்டுத் தவறாகப் பொருள்கொள்வதும் விமானப் போக்குவரத்து வரலாற்றின் மிகப் பெரிய விபத்துகள் சிலவற்றுக்குக் காரணமாக இருந்துள்ளன. 1977 இல் தெனெரீஃப் தீவில் 583 பேரும், 1996 இல் அரியானா மாநிலத்தின் சர்க்கி தாத்ரி அருகே 349 பேரும் இறந்த விபத்துகள் இவற்றுள் முதன்மையானவை.

கேட்ட அனுமதியை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது இத்தகைய தவறுகளைத் தடுக்க ஏற்பட்ட அடிப்படை விதி. ஆனால் சர்க்கி தாத்ரியில் அனுமதி சரியாகவே திருப்பிச் சொல்லப்பட்டிருந்தது. சொல் சரியாகப் போய்ச் சேர்வதும், அதன் பொருள் விமானத்தை ஓட்டுபவருக்குப் போய்ச் சேர்வதும் வெவ்வேறானவை என்பதை இந்திய வான்பரப்பில் நிகழ்ந்த அந்த விபத்து உலகுக்குக் காட்டியது.

அனுமதி எவ்வாறு வழங்கப்படுகிறது

ஒரு பயணத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை விமானி பல அனுமதிகளைப் பெறுகிறார். பெங்களூரிலிருந்து புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு வரும் ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோ நிறுவனம் இவ்வழித்தடத்தில் விமானங்களை இயக்கி வருகிறது. பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணிதான். இருப்பினும் அதற்குள் பின்வரும் அனுமதிகள் தேவைப்படுகின்றன.

முதலாவது, வழித்தட அனுமதி. எந்த வான்வழியில் செல்ல வேண்டும், முதலில் எந்த உயரம் வரை ஏறலாம், ரேடாரில் அடையாளம் காட்டும் நான்கு இலக்க எண் எது என்பன இதில் அடங்கும். இரண்டாவது, விமானம் நிற்கும் இடத்திலிருந்து ஓடுபாதையின் நுழைவு வரை ஊர்ந்து செல்ல அனுமதி. மூன்றாவது, ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி. நான்காவது, மேலெழும்ப அனுமதி. அதன் பின் உயரம் மாற்ற, திசை மாற்ற, வேகம் குறைக்க எனத் தனித்தனி அனுமதிகள் வருகின்றன. இறுதியில் தரையிறங்க அனுமதி பெற வேண்டும்.

இவற்றை வழங்குபவர் ஒருவரல்லர். பெங்களூர் நிலையத்திலேயே தரைப் போக்குவரத்தைப் பார்ப்பவர், கோபுரத்தில் இருப்பவர், ரேடார் திரையைப் பார்ப்பவர் எனப் பலர் உள்ளனர். வானில் ஏறியபின் பகுதிக் கட்டுப்பாட்டு மையங்கள் பொறுப்பேற்கின்றன. புதுச்சேரி, சென்னை வான்தகவல் பகுதிக்குள் அமைந்துள்ளது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் விமானி வானொலி அலைவரிசையை மாற்றிப் புதிய குரல் ஒன்றுடன் பேசத் தொடங்குகிறார். அந்தக் குரலுக்கு உரியவரை அவர் பெரும்பாலும் பார்த்ததே இல்லை.

உயரங்களை ஒதுக்குவதற்கும் முறை உண்டு. பொதுவாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் விமானங்களுக்கு 15,000, 17,000 அடி போன்ற ஒற்றைப்படை ஆயிரங்களும், மேற்கு நோக்கிச் செல்பவற்றுக்கு 14,000, 16,000 அடி போன்ற இரட்டைப்படை ஆயிரங்களும் வழங்கப்படுகின்றன. இதனால் எதிரெதிரே வரும் இரு விமானங்களுக்கு இடையே குறைந்தது 1,000 அடி இடைவெளி இருக்கும். சுமார் 300 மீட்டரான இந்த இடைவெளியைக் காப்பது வானொலியில் சொல்லப்படும் ஓர் எண்தான்.

திருப்பிச் சொல்லும் முறை

வானொலித் தொடர்பு மூன்று படிகளால் ஆனது. கட்டுப்பாட்டாளர் அனுமதியைச் சொல்கிறார். விமானி அதைத் தம் விமானத்தின் அழைப்புக்குறியுடன் திருப்பிச் சொல்கிறார். கட்டுப்பாட்டாளர் அதைக் கவனித்துக் கேட்டு, தாம் சொன்னதுடன் ஒப்பிடுகிறார். பிழை இருந்தால் உடனே திருத்துகிறார். மூன்றாவது படி பலர் கண்ணில் படுவதில்லை. கட்டுப்பாட்டாளர் காதில் வாங்காமல் விட்டால், விமானி திருப்பிச் சொன்னதால் பயன் எதுவும் இல்லை.

பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பின் விதிகளின்படி சிலவற்றைக் கட்டாயம் திருப்பிச் சொல்ல வேண்டும். வழித்தட அனுமதி, ஓடுபாதைக்குள் நுழைதல், ஓடுபாதைக்கு முன்பாக நிற்றல், ஓடுபாதையைக் கடத்தல், மேலெழும்புதல், தரையிறங்குதல், உயரம், திசை, வேகம், உயரமானிக்கான காற்றழுத்த அளவு, ரேடார் அடையாள எண் ஆகியன அவை. இவற்றுக்கு 'சரி', 'ரோஜர்' என்று மட்டும் விடையளிப்பது போதாது. 'ரோஜர்' என்பதற்கு 'நீங்கள் சொன்னது முழுவதும் காதில் விழுந்தது' என்பது மட்டுமே பொருள். அதைச் செய்யப்போவதாக அது உறுதியளிப்பதில்லை. செய்யப்போவதாகச் சொல்ல 'வில்கோ' என்ற தனிச்சொல் உண்டு.

எண்களையும் எழுத்துகளையும் ஒலிப்பதற்கும் விதிகள் உள்ளன. இரைச்சலில் பிற எண்களோடு குழம்பாதிருக்க 'நைன்' என்பது 'நைனர்' என்றும், 'ஃபைவ்' என்பது 'ஃபைஃப்' என்றும், 'த்ரீ' என்பது 'ட்ரீ' என்றும் ஒலிக்கப்படுகின்றன. 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' ஆகிய சொற்கள் எளிதில் மயங்கும் என்பதால் இலக்கங்கள் தனித்தனியே சொல்லப்படுகின்றன. 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' எனத் தொடங்கும் எழுத்துப் பெயர்கள் 1956 முதல் உலகெங்கும் வழக்கில் உள்ளன.

தவறான புரிதலின் வகைகள்

எண் மயக்கம்

1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குச் சென்ற ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் மலைச்சரிவில் மோதி நொறுங்கியது. அதிலிருந்த 4 பேரும் இறந்தனர். கட்டுப்பாட்டாளர் 2,400 அடிக்கு இறங்குமாறு, 'டிசென்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ' என்றார. இரண்டு எனப் பொருள்படும் 'டூ' என்ற சொல்லும், 'வரை' எனப் பொருள்படும் 'டு' என்ற சொல்லும் வானொலியில் ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கும். விமானிகள் அதை 400 அடிக்கு இறங்குமாறு சொன்னதாக எடுத்துக்கொண்டு 'ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ' என்றனர். இந்தப் பிழை திருத்தப்படவில்லை. 'டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்' என்று ஆயிரத்தையும் நூறையும் பிரித்துச் சொல்லியிருந்தால் குழப்பத்துக்கு இடம் இருந்திருக்காது.

அழைப்புக்குறி மயக்கம்

ஒரே அலைவரிசையில் பல விமானங்கள் பேசுகின்றன. ஒரே நிறுவனத்தின் விமானங்கள் ஒரே பெயரில் தொடங்குவதால், 714, 741 போன்ற ஒத்த எண்கள் ஒரே நேரத்தில் வானில் இருந்தால், ஒருவருக்கு வந்த அனுமதியை மற்றொருவர் ஏற்றுக்கொள்ளும் ஆபத்து உண்டு. அழைப்புக்குறியைச் சொல்லாமல் அனுமதியை மட்டும் திருப்பிச் சொன்னால் இந்தத் தவறு வெளிப்படாமலே போகும்.

ஒரே நேரத்தில் பேசுதல்

விமான வானொலியில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். இருவர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால், மற்றவர்களுக்குக் கீச்சொலி மட்டுமே கேட்கும். பேசியவர்களுக்கோ தங்கள் பேச்சு போய்ச் சேரவில்லை என்பது தெரியாது.

எதிர்பார்ப்பு

மனிதர் தாம் எதிர்பார்ப்பதையே கேட்கும் இயல்பினர். 1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளில் உள்ள தெனெரீஃபின் லோஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் இது பேரழிவில் முடிந்தது. வேறொரு தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இச்சிறு நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. ஓடுபாதையை மூடுபனி சூழ்ந்திருந்தது. மேலெழும்பக் காத்திருந்த கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 விமானத்துக்குக் கட்டுப்பாட்டாளர் வழித்தட அனுமதியை மட்டுமே வழங்கினார். மேலெழும்பிய பின் எப்பக்கம் திரும்ப வேண்டும் என்ற விவரம் அதில் இருந்ததால், 'டேக்-ஆஃப்' என்ற சொல்லும் இடம்பெற்றது. புறப்படும் அவசரத்தில் இருந்த தலைமை விமானி அதையே மேலெழும்பும் அனுமதியாகக் கொண்டு விமானத்தை ஓட்டத் தொடங்கினார்.

அதே ஓடுபாதையில் பான் ஆம் நிறுவனத்தின் மற்றொரு 747 எதிரே வந்துகொண்டிருந்தது. தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று அதன் விமானிகள் சொன்ன அதே நொடியில் கட்டுப்பாட்டாளரும் பேசியதால், இரண்டும் கலந்து கே.எல்.எம். விமானத்தில் கீச்சொலியாகக் கேட்டன. கே.எல்.எம். விமானப் பொறியாளர், எதிர் விமானம் விலகிவிட்டதா என்று ஐயத்துடன் கேட்டார். தலைமை விமானி உறுதியான குரலில் 'ஆம்' என்றார். மோதலில் 583 பேர் இறந்தனர். 61 பேர் உயிர் தப்பினர்.

இதன் பின் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை மேலெழும்பும் அனுமதியை வழங்கும்போதோ திரும்பப் பெறும்போதோ மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற விதி வந்தது. மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' என்ற சொல்லே பயன்படுகிறது.

சொல்லப்படாத பகுதி

1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனுக்கு அருகே டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தனர். தரையிறங்கும் பாதையை அணுக அனுமதி வழங்கிய கட்டுப்பாட்டாளர் உயரம் எதையும் குறிப்பிடவில்லை. அனுமதி கிடைத்துவிட்டதால் 1,800 அடி வரை இறங்கலாம் என விமானிகள் கருதினர். மலைகளுக்கு மேலே எந்த உயரத்தில் பறக்க வேண்டும் என்பதை விமானிகளே பார்த்துக்கொள்வர் எனக் கட்டுப்பாட்டாளர் கருதினார். ஒரே சொற்றொடருக்கு இரு தரப்பினரும் வெவ்வேறு பொருள் கொண்டிருந்தனர். சில வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானமும் அதே இடத்தில் இதே தவறைச் செய்து மயிரிழையில் தப்பியிருந்தது. அச்செய்தி அந்த நிறுவனத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. விபத்தில் முடியாத தவறுகளை விமானிகள் தண்டனை அச்சமின்றித் தெரிவிப்பதற்கான அமைப்பு 1976 இல் நாசாவின் பொறுப்பில் தொடங்கப்பட இந்த விபத்து காரணமாயிற்று.

இரு மொழிப் பேச்சு

வானொலியில் ஆங்கிலமோ, அந்நாட்டுத் தரை நிலையத்தின் மொழியோ பயன்படுத்தப்படலாம். பிரான்சில் உள்நாட்டு விமானிகளுடன் பிரெஞ்சிலும் மற்றவர்களுடன் ஆங்கிலத்திலும் பேசும் வழக்கம் உண்டு. 2000 மே 25 அன்று பாரிசின் சார்லஸ் டி கோல் நிலையத்தில், பிரெஞ்சு விமானம் ஒன்றுக்கு மேலெழும்பும் அனுமதி பிரெஞ்சில் வழங்கப்பட்டது. அதே ஓடுபாதையின் இடைநுழைவில் நின்ற பிரித்தானியச் சரக்கு விமானத்தின் விமானிகளுக்கு அது புரியவில்லை. அவர்கள் ஓடுபாதைக்குள் நுழைந்தனர். மோதலில் சரக்கு விமானத்தின் விமானி ஒருவர் இறந்தார்.

தமிழும் பிரெஞ்சும் ஆங்கிலமும் வழங்கும் புதுச்சேரியில், ஒரே அறையில் இருவர் வேறு மொழியில் பேசிக்கொண்டால் மூன்றாமவர் கேட்டுப் புரிந்துகொள்ளலாம், அல்லது என்னவென்று கேட்கலாம். வானொலியில் அந்த வாய்ப்பு இல்லை. மற்ற விமானங்களுக்குச் சொல்லப்படுவதைக் கேட்டுத் தம்மைச் சுற்றி யார் எங்கிருக்கிறார்கள் என்பதை விமானி மனத்தில் வரைந்துகொள்கிறார். புரியாத மொழியில் பேச்சு நடந்தால் அந்த வரைபடத்தில் ஒரு விமானம் காணாமற்போகிறது. இந்தியாவில் பயணிகள் விமானங்களுடனான வானொலிப் பேச்சு ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது.

சர்க்கி தாத்ரி விபத்து, 1996

1996 நவம்பர் 12 மாலை 6.32 மணிக்கு, சவூதியா நிறுவனத்தின் போயிங் 747 விமானம் தில்லியிலிருந்து சவூதி அரேபியாவின் தகரான் நகருக்குப் புறப்பட்டது. அதில் 312 பேர் இருந்தனர். வளைகுடாவில் வேலைக்குச் சென்றுகொண்டிருந்த இந்தியத் தொழிலாளர்கள் அவர்களில் பெரும்பகுதியினர். அதே வேளையில் கசக்கஸ்தானின் சிம்கென்ட் நகரிலிருந்து இலியூசின் 76 வகை விமானம் 37 பேருடன் தில்லி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது தில்லிக்கு மேற்கே உள்ள வான்பரப்பின் பெரும்பகுதி விமானப்படையின் பயன்பாட்டில் இருந்தது. பயணிகள் விமானங்கள் வருவதற்கும் போவதற்கும் ஒரே வான்வழிதான் இருந்தது. எனவே எதிரெதிரே வரும் விமானங்கள் உயர வேறுபாட்டால் மட்டுமே பிரிக்கப்பட்டன. கசாக் விமானம் 15,000 அடி வரை இறங்க அனுமதி பெற்றது. சவூதியா விமானம் 14,000 அடி வரை ஏற அனுமதி பெற்றது. மேலும் ஏற அனுமதி கேட்ட சவூதியா விமானிகளிடம், 14,000 அடியிலேயே இருக்குமாறும் காத்திருக்குமாறும் கட்டுப்பாட்டாளர் கூறினார். அவர்கள் அதைக் கடைப்பிடித்தனர்.

கசாக் விமானம் 15,000 அடியை எட்டிவிட்டதாக வானொலியில் தெரிவித்தது. எதிரே சவூதியா விமானம் வருவதையும், அதன் தொலைவையும், அது 14,000 அடியில் இருப்பதையும் கட்டுப்பாட்டாளர் எச்சரித்தார். பார்த்துக்கொண்டிருப்பதாகக் கசாக் விமானத்திலிருந்து பதில் வந்தது. ஆனால் அந்த விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. 6.40 மணியளவில், அன்று பிவானி மாவட்டத்தில் இருந்த சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதின. இரு விமானங்களிலும் இருந்த 349 பேரும் இறந்தனர். நடுவானில் நிகழ்ந்த மோதல்களில் உலகிலேயே மிக அதிக உயிர்களைப் பறித்தது இதுவே.

விமானத்துக்குள் நடந்தது

விபத்தை விசாரிக்கத் தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி ஆர். சி. லகோட்டி தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. கட்டுப்பாட்டாளரின் ஆணைகளில் பிழையில்லை என்றும், ஒதுக்கப்பட்ட 15,000 அடியைக் காக்காமல் கசாக் விமானம் அனுமதியின்றி இறங்கியதே விபத்துக்குக் காரணம் என்றும் ஆணையம் முடிவு செய்தது. அதற்கு வழிவகுத்தவையாக, போதிய ஆங்கில அறிவின்மையால் ஆணைகளைத் தவறாகப் புரிந்துகொண்டதையும், குழுவினரிடையே ஒருங்கிணைப்பு இல்லாததையும், உயரத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிச் சரிபார்க்காததையும் அது சுட்டிக்காட்டியது.

இலியூசின் விமானத்தில் வானொலியில் பேசியவர் விமானத்தை ஓட்டியவர் அல்லர். அதற்கெனத் தனி வானொலி இயக்குநர் இருந்தார். அவர் முன் உயரமானி இல்லை. உயரத்தை அறிய விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. மேலும் பழைய சோவியத் நாடுகளில் உயரத்தை மீட்டரில் அளப்பதே வழக்கம். இந்தியாவிலோ அடிக்கணக்கில் சொல்லப்பட்டது. ஆக, ஆங்கிலத்தில் வந்த ஆணையை ஒருவர் கேட்டு, ஆங்கிலத்திலேயே விடையளித்து, அதைத் தம் மொழியில் மற்றவருக்குச் சொல்ல, அவர் வேறோர் அளவு முறைக்குப் பழகிய மனத்துடன் விமானத்தை ஓட்டினார்.

கட்டுப்பாட்டாளர் காதில் விழுந்ததெல்லாம் சரியாகவே இருந்தது. '15,000' என்று அவர் சொன்னார். '15,000' என்ற விடையே திரும்பி வந்தது. விமானம் தாழ்ந்திருப்பதைக் கடைசி நொடிகளில் உணர்ந்த வானொலி இயக்குநர், சவூதியா விமானம் 14,000 அடியில் வருவதை நினைவூட்டி, 15,000 அடிக்கு ஏறுமாறு கூறினார். விமானம் மேலே ஏறத் தொடங்கிய வேளையிலேயே மோதல் நிகழ்ந்தது.

தில்லியில் அப்போது இயங்கிய முதன்மை ரேடார் விமானம் இருக்கும் இடத்தையும் தொலைவையும் மட்டுமே காட்டும். உயரத்தைக் காட்டாது. விமானம் உண்மையில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டாளர் அறிய விமானியின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு வழி இல்லை. உயரத்தையும் காட்டும் இரண்டாம் நிலை ரேடார் இருந்திருந்தால், சொல்லுக்கும் நிகழ்வுக்கும் இடையிலான வேறுபாடு திரையில் தெரிந்திருக்கும். மோதல் தவிர்ப்புக் கருவியும் இரு விமானங்களிலும் இல்லை.

விபத்துக்குப் பின் வந்த மாற்றங்கள்

தில்லியில் வரும் விமானங்களுக்கும் புறப்படும் விமானங்களுக்கும் தனித்தனி வான்வழிகள் ஒதுக்கப்பட்டன. உயரத்தைக் காட்டும் ரேடார் பயன்பாட்டுக்கு வந்தது. இந்திய வான்பரப்பில் பறக்கும் பயணிகள் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி இருக்க வேண்டும் எனக் குடிசார் வான்போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் கட்டாயமாக்கியது. இக்கருவி சுற்றியுள்ள விமானங்களின் உயரத்தைத் தானே கேட்டறிந்து, மோதும் நிலை வந்தால் ஒரு விமானத்தை ஏறவும் மற்றதை இறங்கவும் சொல்கிறது. இதற்குத் தரையிலிருந்து எந்த உதவியும் தேவையில்லை. மொழியும் தடையாக இல்லை.

மொழித் திறனிலும் மாற்றம் வந்தது. 1998 இல் பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பின் பேரவை, விமானிகள், கட்டுப்பாட்டாளர்களின் ஆங்கிலத் திறனை உறுதி செய்யத் தீர்மானம் நிறைவேற்றியது. அதன் தொடர்ச்சியாக ஆறு படிநிலைகள் கொண்ட மொழித்திறன் தேர்வு வகுக்கப்பட்டு, 2008 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. பன்னாட்டுப் பயணங்களில் ஈடுபடும் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் குறைந்தது நான்காம் நிலையை எட்டியிருக்க வேண்டும். பாடமாகப் படித்த சொற்றொடர்களை ஒப்பிப்பது இத்தேர்வில் போதாது. எதிர்பாராத நிலைமையை எளிய ஆங்கிலத்தில் விளக்கவும், புரியாதபோது கேட்டுத் தெளியவும் இயல வேண்டும்.

இயந்திரமும் மனிதரும் முரண்படும்போது

மோதல் தவிர்ப்புக் கருவி வந்ததும் புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. 2002 சூலை 1 அன்று செருமனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே, ரசிய டுபோலெவ் 154 பயணிகள் விமானமும் டி.எச்.எல். நிறுவனத்தின் போயிங் 757 சரக்கு விமானமும் நெருங்கின. ரசிய விமானத்தைக் கருவி ஏறச் சொன்னது. கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். விமானிகள் கட்டுப்பாட்டாளரின் சொல்லைக் கேட்டு இறங்கினர். சரக்கு விமானமோ தன் கருவி சொன்னபடி இறங்கியது. இரண்டும் மோதி 71 பேர் இறந்தனர். அவர்களில் பலர் பள்ளி மாணவர்கள். கருவியின் கட்டளையும் கட்டுப்பாட்டாளரின் ஆணையும் முரண்பட்டால் கருவியின் கட்டளையையே பின்பற்ற வேண்டும் என்பது இதன் பின் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவுபடுத்தப்பட்டது.

இன்றைய நிலை

நீண்ட தொலைவுப் பயணங்களில் இப்போது பல அனுமதிகள் எழுத்து வடிவில் விமானியின் திரைக்கு அனுப்பப்படுகின்றன. வானொலி அலைகள் சரியாக எட்டாத வங்காள விரிகுடாவுக்கு மேல் பறக்கும் விமானங்களுடன் சென்னை மையமும் இம்முறையைப் பயன்படுத்துகிறது. இதில் எண் மயக்கமும் உச்சரிப்புக் குழப்பமும் இல்லை. ஆனால் ஓடுபாதைக்கு அருகே நொடிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய இடங்களில் குரலே இன்னும் முதன்மை ஊடகமாக உள்ளது.

அங்கு ஆபத்து நீங்கிவிடவில்லை. 2024 சனவரி 2 அன்று தோக்கியோவின் அனேடா நிலையத்தில், நிலநடுக்க நிவாரணப் பொருள்களுடன் புறப்பட இருந்த கடலோரக் காவல்படையின் சிறு விமானம் ஓடுபாதையில் நின்றபோது, தரையிறங்கிய சப்பான் ஏர்லைன்சின் ஏர்பஸ் 350 அதன்மேல் மோதியது. பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிர் தப்பினர். சிறு விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தனர். காவல்படை விமானத்துக்குக் கட்டுப்பாட்டாளர் வழங்கிய ஆணை, ஓடுபாதைக்கு முன்பாக உள்ள நிற்குமிடம் வரை வருமாறு மட்டுமே. அதனுடன் புறப்படும் வரிசையில் முதலிடம் என்பதைக் குறிக்கும் 'நம்பர் ஒன்' என்ற சொல்லும் இருந்தது. விமானி அனைத்தையும் சரியாகத் திருப்பிச் சொன்னார். ஆனால் ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி கிடைத்ததாகவே எண்ணினார். விபத்துக்குப் பின் அச்சொல்லின் பயன்பாடு சப்பானில் சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது.

சர்க்கி தாத்ரிக்கும் அனேடாவுக்கும் இடையே 27 ஆண்டுகள் கடந்துள்ளன. இரண்டிலும் திருப்பிச் சொன்ன சொற்களில் பிழை இல்லை. திருப்பிச் சொல்வது சொல் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று. பொருள் போய்ச் சேர்ந்ததற்கு அது சான்றாகாது. எனவேதான் இன்றைய பாதுகாப்பு முறை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளாக அமைக்கப்படுகிறது. விமானிகள் இருவரும் அனுமதியைத் தனித்தனியே கேட்டு, ஒருவர் கருவியில் பதிக்க மற்றவர் சரிபார்க்கிறார். ரேடார் உண்மையான உயரத்தைக் காட்டுகிறது. மோதல் தவிர்ப்புக் கருவி கடைசித் தடுப்பாக நிற்கிறது. பல நிலையங்களில் ஓடுபாதையின் நுழைவில் சிவப்பு விளக்குகள் குறுக்கே எரிந்து விமானத்தை நிறுத்துகின்றன.

இவை அனைத்துக்கும் முன்னதாக விமானிப் பயிற்சியில் கற்பிக்கப்படும் விதி எளியது. அனுமதி குறித்து ஐயம் எழுந்தால், ஓடுபாதைக்குள் நுழையாமலும் உயரத்தை மாற்றாமலும், 'சே அகெயின்' என்று கேட்க வேண்டும். மீண்டும் கேட்பது திறமைக் குறைவாகக் கருதப்படுவதில்லை. தெனெரீஃபில் விமானப் பொறியாளருக்கு எழுந்த ஐயம் வானொலியில் கேட்கப்பட்டிருந்தால், கட்டுப்பாட்டாளரின் விடை விமானத்தை நிறுத்தியிருக்கும்.